கவிழ்த்து வைத்த படம்

யூட்டிகாவுக்கு வடக்கே, உப்புத் தூவிய சாலை
முடிகிற இடத்தில் அந்த வீடு.
ஆறு பேர். ஆறு டூத் பிரஷ், ஆறு நிறம்.
போன மார்ச்சிலும் வந்தேன்.
இதே மிதியடியில் பூட்ஸைத் துடைத்துவிட்டு
இதே மேசையில் உட்கார்ந்து
"ஆதாரம் போதவில்லை" என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

வெர்லின் க்ரூபா, வயது நாற்பத்தேழு.
பேசமாட்டார்.
அன்றைக்கு வெந்த இடது தோள்
இப்போது வழவழவென்று இளஞ்சிவப்பு.
அதற்குக் கீழே, முழங்கை வரை, புதுசு.
அன்றைய அறிக்கை: குளிக்கையில் தானே குழாயைத் திருகிக்கொண்டார்.
இன்றைய அறிக்கை: குளிக்கையில் தானே குழாயைத் திருகிக்கொண்டார்.
எழுத்துப்பிழைகூட அதே இடத்தில்.

முதல் தடவைக்குப் பிறகு என்ன செய்தீர்கள்?
மேலாளர் லாபோய்ன்ட் கோப்பைத் திறக்கிறார்.
இரண்டு மணி நேரப் பயிற்சி, எல்லோரும் ஒப்பமிட்டிருக்கிறார்கள்.
தண்ணீரின் சூடு பார்க்க ஒரு வெப்பமானியும் வாங்கினார்கள்.
குளியலறை அலமாரியில் அதைப் பார்த்தேன்.
கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் உறை
இன்னும் பிரியவில்லை.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பலகை.
இன்று யார் வேலைக்கு வருகிறார் என்று
வீட்டிலிருப்பவர்களுக்குத் தெரிய
ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு முகம், காந்தத்தில் ஒட்டி.
செவ்வாயில் மட்டும்
வெள்ளைக் காகிதத்தின் முதுகு.

"அது அவர் சேட்டை" என்றார் லாபோய்ன்ட்.
அதற்கும் ஒரு கோப்பு உண்டு.
நடத்தைச் சிக்கல்: பணியாளர் படத்தைக் கவிழ்க்கிறார்.
இலக்கு: எண்பது சதவீதம் குறைத்தல்.
ஊக்கம்: படத்தைத் தொடாத நாளில்
இரவு ஒரு சாக்லேட் புட்டிங்.

வெர்லினுக்குப் புட்டிங் என்றால் உயிர்.
கிண்ணத்தை வழித்து, கரண்டியை வழித்து,
மூடியின் உட்புறத்தையும் வழிப்பார்.
கட்டம் போட்ட தாளில் விரல் வைத்து எண்ணினேன்.
வாரத்தில் ஆறு நாள் டிக்.
செவ்வாய் காலி. செவ்வாய் காலி. செவ்வாய்
நாற்பத்தொரு வாரம்
அந்தக் கிண்ணத்தை விட்டுக்கொடுத்து
ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்.
நாங்கள் அதைக் குணப்படுத்தப் பார்த்தோம்.

காரில் உட்கார்ந்து ஹெர்கிமருக்கு ஃபோன் செய்தேன்.
அந்த ஆள் இதற்கு முன் இருந்த வீடு.
எடுத்தவள் ஸெனாதா, போஸ்னியக்காரி,
பின்னால் வாஷிங் மெஷின் உதறிக்கொண்டிருந்தது.
"நான் எழுதிக் கொடுத்தேனே" என்றாள்.
"விசாரணை முடியுமுன் அவனே விலகிக்கொண்டான்.
ஆள் இல்லை என்று கோப்பை மூடினார்கள்.
அவனை எடுக்கிறவர்கள் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்றிருந்தேன்.
இரண்டு வருஷத்தில் நீங்கள்தான் முதல்."
அந்த எண்
மார்ச்சிலேயே என்னிடம் இருந்தது.

சாட்சி என்கிற கட்டத்தில்
போன தடவை 'இல்லை' என்று எழுதினேன்.
இந்தத் தடவை: வெர்லின் க்ரூபா.
வாக்குமூலம்: நாற்பத்தொரு முறை.
"இது செல்லுமா?" என்றார் லாபோய்ன்ட்.
தெரியாது. செல்லும்படி செய்ய வேண்டும்.
அவன் பெயரை இங்கே எழுதவில்லை,
அது போக வேண்டிய பட்டியல் வேறு.
இன்னொரு வீடு அவன் கையில்
ஒரு துண்டையும் ஒரு மனிதரையும் கொடுக்குமுன்
திறந்து பார்க்க வேண்டிய பட்டியல்.

கிளம்பும்போது வெர்லின் வந்தார்.
என் கழுத்து நாடாவைப் பிடித்து
அடையாள அட்டையைக் கழற்றினார்.
அதில் நான் இளமையாய்ச் சிரிக்கிறேன்.
பலகைக்குக் கொண்டுபோய்
ஒரு காந்தத்தை விடுவித்து
முகத்தைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார்,
மறுபடி முகத்தை.

வெளியே கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
ஓடட்டும்.